மாலையில் மட்டும் சர்க்கரை ஏறுகிறது: லேபிளில் நான் எதைப் பார்க்கத் தவறினேன்?

திருமங்கலத்தாள்

வணக்கம். மூன்று வாரமாக ஒரு கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. விவரம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு வயது 53. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிறார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வேறு மாத்திரையோ ஊசியோ கிடையாது. தை மாதம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8.6 விழுக்காடு என்று வந்தது. டாக்டரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் மாவுச்சத்தைக் குறைக்க ஆரம்பித்தோம். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் நின்றுவிட்டன. காலையில் முட்டையும் சிக்கன் சாஸேஜும், மதியம் கீரை அல்லது கோஸ் பொரியலோடு கோழியோ மீனோ, இரவில் பனீர், நடுவில் பாதாம். ஒரு நாளைக்கு 50 கிராம் மாவுச்சத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. என் மகளுடைய பழைய நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். மாசி மாதப் பக்கத்தைத் திறந்தால் மனம் குளிரும்: வெறும் வயிற்றில் 112, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் 134, மாலை ஆறரை மணிக்கு 121. பங்குனி இரண்டாம் வாரத்திலிருந்து காலை எண்ணும் மதிய எண்ணும் ஏறக்குறைய அப்படியே இருக்க, மாலை எண் மட்டும் 183, 176, 191 என்று வருகிறது.

நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். பணிமனை வாசலில் ஒரு டீக்கடை இருக்கிறது. மூன்று மணிக்குப் பருப்பு வடை போடுவார்கள். ஒரு நாள் அவர் கழற்றிப் போட்ட சட்டையின் பையை விரித்து எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, “இருபத்தேழு வருடத்தில் உன்னிடம் எதையாவது மறைத்திருக்கிறேனா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பங்குனியில் எங்கள் சமையலறைக்குப் புதிதாக வந்தவை இவை. சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார் ஒரு பெரிய டின் வாங்கி வந்தார்: சர்க்கரை நோயாளிகளுக்கென்றே செய்த சத்துப் பானப் பொடி. முன்பக்கத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. மாலை நாலரைக்கு 150 மில்லி பாலில் கலந்து கொடுக்கிறேன். அடுத்தது, டீக்குப் போடும் இனிப்புப் பொடி. ஒரு கிராம் பொட்டலமாக வருவது. ஒரு நாளைக்கு ஆறு பொட்டலம் ஆகிறது. தேங்காய் விலை ஏறியதால் கோழிக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் பொடி வாங்க ஆரம்பித்தேன். பெருங்காய டப்பாவைத் திருப்பினால் அதிலும் கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது! இதில் எதைக் குற்றம் சொல்வது?

டின்னின் பின்பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். 100 கிராமுக்கு: ஆற்றல் 428 கிலோ கலோரி, புரதம் 16 கிராம், மாவுச்சத்து 60 கிராம், அதில் மொத்தச் சர்க்கரை 5 கிராம், சேர்த்த சர்க்கரை 0, நார்ச்சத்து 8 கிராம், கொழுப்பு 12 கிராம். ஒரு முறைக்கு 35 கிராம். சர்க்கரை ஐந்துதானே என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். பொருள்கள் பட்டியலில் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். அது என்ன?

கொங்கு பேலியோ

அக்கா, பெருங்காயத்தை விடுங்கள், டின்னைப் பிடியுங்கள்.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் ஸ்டார்ச்சை உடைத்து எடுக்கும் வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்தால் இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸைப் போலவே வேகமாக ரத்தத்தில் ஏறும். லேபிளில் ‘சர்க்கரை’ என்ற வரியில் ஒற்றைச் சர்க்கரைகளும் இரட்டைச் சர்க்கரைகளும் மட்டும்தான் சேரும். மால்டோடெக்ஸ்ட்ரின் அதைவிட நீளமான சங்கிலி என்பதால் பெரும்பகுதி அந்த வரிக்குள் வராது. ‘மாவுச்சத்து’ என்ற வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கத்தில் எழுதியது பொய் இல்லை. ஆனால் உங்களுக்குத் தேவையான உண்மையும் அதில் இல்லை.

கணக்குப் பாருங்கள். மாவுச்சத்து 60, அதில் நார்ச்சத்து 8 கழித்தால் 52. முப்பத்தைந்து கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம். 150 மில்லி பாலில் பால் சர்க்கரை ஒரு 7 கிராம். மொத்தம் 25. அவருடைய ஒரு நாள் கணக்கில் பாதி, ஒரே தம்ளரில் போய்விட்டது.

நான் ஏழு வருடமாக இந்த முறையில் சாப்பிடுகிறேன். முதல் வருடத்தில் நானும் இதேபோல் ஏமாந்தேன். ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட்ட பிஸ்கட்டை மாலை டீயோடு ஆறு ஆறாகத் தின்றுகொண்டிருந்தேன். சர்க்கரை 0.4 கிராம். நூறு கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ள நம் நாட்டு விதி இடம் தருகிறது. ஆனால் அதே பாக்கெட்டில் மாவுச்சத்து 68. பிஸ்கட் என்பதே கோதுமை மாவுதானே என்று எனக்கு உறைக்கவே நாலு மாதம் ஆயிற்று. எடை இறங்காமல் நின்றபோதுதான் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன்.

பாவம், உங்கள் வீட்டுக்காரர் வடை தின்னவில்லை அக்கா. இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பங்கூழ்

இந்த டப்பா, டின் எல்லாம் எதற்கு அம்மா? நம் தாத்தா பாட்டி லேபிள் படித்தார்களா? மாலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ கரைத்துக் கொடுங்கள். சர்க்கரை தானாக இறங்கும்.

ஓசூர் ஆய்வகம்

நான் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். லேபிளுக்கு எண் தயாரிக்கும் பக்கத்தில் இருந்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில், கொங்கு நண்பர் நார்ச்சத்தைக் கழித்தது இந்த டின்னுக்குப் பொருந்தாது. எப்படித் தெரியும் என்றால், ஆற்றல் எண்ணே சாட்சி சொல்லும். புரதம் ஒரு கிராமுக்கு 4 கிலோ கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9, நார்ச்சத்துக்கு 2. பெருக்கிப் பாருங்கள்: 16 புரதத்துக்கு 64, 60 மாவுச்சத்துக்கு 240, 12 கொழுப்புக்கு 108, 8 நார்ச்சத்துக்கு 16. கூட்டினால் 428. டின்னில் இருப்பதும் அதே 428. அப்படியென்றால் நார்ச்சத்தை ஏற்கெனவே தனியாக எடுத்துவிட்டுத்தான் 60 என்று போட்டிருக்கிறார்கள். 60-க்குள் நார்ச்சத்து அடங்கியிருந்தால் ஆற்றல் 396 அளவில்தான் வந்திருக்கும். ஆகவே 35 கிராமில் 21 கிராம் மாவுச்சத்து. பாலோடு சேர்த்து 28. சிறிய இட்லியாக மூன்று. நம் நாட்டு லேபிள்களில் இரண்டு விதமாகவும் போடுகிறார்கள். அதனால் கழிப்பதற்கு முன் இந்தப் பெருக்கலை ஒரு முறை போட்டுப் பாருங்கள். சொந்தக் கையால் போடும் கணக்கைப் போல நம்பிக்கை தருவது வேறொன்றும் இல்லை.

பொருள்கள் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடிய வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு வழியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இனிப்பு முழுவதையும் ஒரே பெயரில் போட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். அதனால் சர்க்கரை கொஞ்சம், டெக்ஸ்ட்ரோஸ் கொஞ்சம், குளுக்கோஸ் சிரப் கொஞ்சம், மால்ட் சாறு கொஞ்சம் என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். கடலைப்பருப்போ ஓட்ஸோ மேலே ஏறி நிற்கும். கலவை முடிவு செய்யும் கூட்டங்களில் எனக்கு மனம் ஒப்பாமல் போன விஷயம் இது. தேன், வெல்லம், பேரீச்சைச் சாறு, பழச்சாறுச் செறிவு எல்லாம் இதே குடும்பம்தான்.

எண்களும் ஒளிந்திருக்கும். ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண் முறை) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 14 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால், 1422, 1442 போல, அது பெரும்பாலும் மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச். சாஸ், சூப், மயோனைஸில் அடிக்கடி வரும். 412, 415 என்றால் பசைப் பொருள்கள். சிட்டிகை அளவுதான், பயப்பட வேண்டாம். 965 என்றால் மால்டிடால்: ‘சர்க்கரை ஆல்கஹால்’ என்ற இனிப்பு வகை (குடிக்கும் சாராயம் இல்லை), ஆனாலும் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். 968 என்றால் எரித்ரிடால். அது ஏறக்குறைய ஏற்றாது. இரண்டுக்கும் மூன்று எண் வித்தியாசம்தான், உடம்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொன்று. 2020-இல் வந்த லேபிள் விதிகளின்படி ஒரு முறை உண்ணும் அளவில் ஒரு நாள் தேவையின் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று போட வேண்டும். சேர்த்த சர்க்கரைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் என்று வைத்துப் போடுகிறார்கள். மாவுச்சத்துக்கு அப்படி விழுக்காடு போட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் உங்கள் டின்னில் அந்தக் கட்டத்தில் ‘0%’ என்று நிற்கும். கண் அங்கேயே நின்றுவிடும்.

மற்றவற்றுக்கு வருகிறேன். இனிப்புப் பொட்டலத்தில் இனிப்பு தருவது துளியளவு இனிப்பூட்டிதான். மீதி இடத்தை நிரப்புவது பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்றவை. ஆறு பொட்டலத்துக்கு ஐந்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டாக விடும் திரவ வகைக்கு மாறினால் அதுவும் மிச்சம். தேங்காய்ப்பால் பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் எண்ணெய்ப் பசை பொடியாக நிற்காது. ஆனால் 50 கிராம் பாக்கெட்டை நாலு பேர் குழம்பில் போட்டால் ஆளுக்கு மூன்று, மூன்றரை கிராம்தான் வரும். பெருங்காயத்தில் மாவு சேர்ப்பது வழக்கமான முறை; அப்படியே பிசின் கடித்துச் சாப்பிட முடியாது. தாளிப்பில் விழும் சிட்டிகைக்குக் கணக்கே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது: காலைச் சாஸேஜ். அதன் பட்டியலில் ஸ்டார்ச், ரொட்டித்தூள், சோயா மாவு என்று ஏதாவது இருக்கிறதா? வீட்டில் டிங்க்சர் அயோடின் இருந்தால் வெந்த சாஸேஜை நறுக்கி ஒரு சொட்டு விடுங்கள். ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும். பனீர் போன்ற பால் பொருள்களில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையமே மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் சோதனை இது. மாவை மட்டும்தான் காட்டும், சர்க்கரையையும் குளுக்கோஸ் சிரப்பையும் காட்டாது. சொட்டு விட்ட துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள், யாரும் வாயில் வைக்கக் கூடாது.

கம்பங்கூழ் ஐயாவுக்கு: கேழ்வரகு எனக்கும் பிடித்த தானியம், எங்கள் ஊர்ப் பக்கம் களிதான் இரவுச் சாப்பாடு. ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67 கிராம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பதால் அரிசியைவிட மேல். 50 கிராம் மாவுச்சத்துக்குள் ஒரு நாளை ஓட்டுகிற ஒருவருக்கு அது ஒத்து வராது.

தஞ்சை மருந்தாளுநர்

சகோதரி, உங்கள் கணவர் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுவதால் இந்த உணவு முறையில் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயக்கம் வரும் ஆபத்து குறைவு. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு இன்னொரு பயம்: ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ். சர்க்கரை எண் அதிகம் ஏறாமலேயே அது வரலாம், அதனால் கருவியைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். கடை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கருவியின் எண்ணை 15 விழுக்காடு முன்பின்னாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வதேசத் தரமே அவ்வளவுதான் கேட்கிறது. 183 என்றால் 156 ஆகவும் இருக்கலாம், 210 ஆகவும் இருக்கலாம். ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினாலும் எண் ஏறும்.

மருந்து அலமாரியையும் பாருங்கள். இருமல் சிரப், தொண்டைக்கு சப்பும் மிட்டாய், லேகியம், பழச் சுவையோடு வரும் இசப்கோல் பொடி: பலவற்றில் சர்க்கரை உண்டு. சிலவற்றில் சர்க்கரை இல்லாத வகையும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். சுவை சேர்க்காத வெறும் இசப்கோல் உமியே போதும்.

திருமங்கலத்தாள்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

கொங்குத் தம்பி எழுதியதைப் படித்த அன்று இரவே அவரிடம் சொன்னேன். “டின்தான் காரணம், நீங்கள் இல்லை. சட்டைப் பையைப் பார்த்தது என் தப்பு” என்றேன். அவர் என் கையிலிருந்து டின்னை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். “இஞ்சின் ஆயில் டப்பாவில்கூட இதைவிடப் பெரிய எழுத்தில் போடுவானே” என்றார். அவ்வளவுதான். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது, எனக்கு மூச்சு வந்தது.

மறுநாளிலிருந்து மாலையில் டின் கிடையாது. பால் குறைத்த டீயும் பத்துப் பாதாமும். மாலை எண்: 127, 119, 131, 124. ஐந்தாம் நாள் வேண்டுமென்றே ஒரு முறை டின்னைக் கலந்து கொடுத்துப் பார்த்தேன், அவர்தான் செய்யச் சொன்னார். 179. ஆறாம் நாள் நிறுத்தினேன், 122. மருந்தாளுநர் ஐயா சொன்ன 15 விழுக்காட்டை மனதில் வைத்துப் பார்த்தாலும் இது தெளிவாகத்தான் தெரிகிறது.

இனி சாஸேஜ். மகளின் முதலுதவிப் பெட்டியில் அயோடின் குப்பி இருந்தது. ஒரு வெள்ளைச் சாஸரில் நான்கு துண்டு வைத்தேன்: நறுக்கிய சாஸேஜ், அவித்த முட்டையின் வெள்ளை, பனீர், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பருக்கைச் சோறு. குப்பியின் மூடியிலிருந்தே ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. முட்டை வெள்ளையில் அது தேன் நிறத்தில் அப்படியே நின்றது. பனீரில் லேசான பழுப்பு, பிறகு மங்கிவிட்டது. சோற்றுப் பருக்கை நொடியில் மை பட்டதுபோல் கறுத்தது. சாஸேஜ் முதலில் ஒன்றும் ஆகவில்லை. நான் குப்பியை மூடித் திரும்புவதற்குள் துண்டின் நடுவிலிருந்து புள்ளி புள்ளியாகக் கருநீலம் கிளம்பி ஓரம் வரை பரவிவிட்டது. மகள் பக்கத்தில் நின்று, “அம்மா, இது கறியா, கஞ்சியா?” என்று கேட்டாள். பாக்கெட்டைத் தேடி எடுத்துப் படித்தால் கோழிக்கறி, தண்ணீர், எண்ணெய், நான்காவதாக ஸ்டார்ச். மாவுச்சத்து 100 கிராமுக்கு 9. நாலு சாஸேஜ் என்றால் கிட்டத்தட்ட 150 கிராம், 13 கிராம் மாவு. இரண்டு மாதமாகக் காலையில் ‘மாவில்லாத பலகாரம்’ என்று பெருமையாக வைத்துக்கொண்டிருந்தேன். காலைச் சாப்பாட்டுக்குப் பின் நான் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததே இல்லை. இப்போது முட்டையும் முந்தின நாள் மிச்சம் வைத்த கோழி வறுவலும்தான்.

சனிக்கிழமை கடைக்குப் போனபோது கண்ணாடியோடு கைப்பேசியையும் எடுத்துக்கொண்டேன். எழுத்து அவ்வளவு சிறியது; படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. நாற்பது நிமிடம் நின்றேன். தக்காளி சூப் பாக்கெட்டில் சோள மாவும் சர்க்கரையும் தக்காளிக்கு முன்னால் வருகின்றன. சிறுதானிய தோசை மாவில் முதல் பெயர் அரிசி. நிலக்கடலை வெண்ணெய் இரண்டு பாட்டில். விலையில் பத்து ரூபாய்தான் வித்தியாசம். ஒன்றில் வறுத்த நிலக்கடலை மட்டும், இன்னொன்றில் சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும். மசாலா பாதாம் என்று ஒன்று, மேலே மொறுமொறுவென்று ஒட்டியிருப்பது ஸ்டார்ச்தான். வெறும் பாதாமை வாங்கி வீட்டில் மிளகுத்தூள், உப்பு, நெய் போட்டு வறுத்துவிட்டேன். கடைக்காரத் தம்பி, “அக்கா, ஏதாவது அதிகாரியா நீங்கள்?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, நான்கு பொருளையும் அவருக்கே காட்டிப் படிக்க வைத்தேன். அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரையாம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி பாதாம் மாவு பிஸ்கட் இரண்டு வகை அனுப்பியிருக்கிறான். அமெரிக்கப் பாக்கெட்டில் ஒரு முறைக்கு 30 கிராம், மொத்த மாவுச்சத்து 9, நார்ச்சத்து 4. இங்கிலாந்துப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 22, நார்ச்சத்து 11. இரண்டிலும் கழித்துப் பார்த்து, இங்கிலாந்துப் பிஸ்கட்டே குறைவு என்று அதைக் கொடுத்து வருகிறேன். சரியா? ஆற்றல் பெருக்கலைப் போடலாம் என்றால் பிஸ்கட்டில் எரித்ரிடாலும் இருக்கிறது, கணக்கு இடிக்கிறது.

சிராங்கூன் வாசகி

அக்கா, இது நானே இங்கே சிங்கப்பூரில் தடுமாறிக் கற்றுக்கொண்டது. அமெரிக்க லேபிளில் ‘மொத்த மாவுச்சத்து’ என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம், கழிக்கலாம். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் மாவுச்சத்து என்று போடுவதே நார்ச்சத்தை நீக்கிய பிறகுதான். நார்ச்சத்து தனி வரி. அங்கே கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

அப்படியானால் அமெரிக்கப் பிஸ்கட் 30 கிராமில் 5 கிராம். இங்கிலாந்துப் பிஸ்கட் 30 கிராமில் 6.6 கிராம், நீங்கள் நினைத்தது 3.3. எரித்ரிடால் எத்தனை கிராம் என்று தனியாகப் போட்டிருந்தால் அதை இரண்டிலும் கழித்துக்கொள்ளலாம், அது ஏறக்குறைய அப்படியே சிறுநீரில் போய்விடும்.

அமெரிக்கப் பாக்கெட்டில் இன்னொரு எச்சரிக்கை: ஒரு முறை அளவில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் ‘0’ என்று போட அங்கே அனுமதி உண்டு. காப்பிக்கு ஊற்றும் கிரீமில் ஒரு கரண்டிக்கு 0 என்று இருக்கும். நாள் முழுக்கப் பத்துக் கரண்டி ஊற்றினால் நாலைந்து கிராம் வந்துவிடும்.

உங்கள் தம்பி பானம் ஏதாவது அனுப்பினால் அதில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கலாம். 2022 டிசம்பர் 30 முதல் இங்கே வந்த முறை. நல்ல முறைதான், என் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் அந்த எழுத்து சர்க்கரையையும் நிறைகொழுப்பையும் வைத்துப் போடுவது. மொத்த மாவுச்சத்தைப் பார்க்கப் பின்பக்கம் திருப்பத்தான் வேண்டும்.

திருமங்கலத்தாள்

நல்லவேளை கேட்டேன் தங்கை. இங்கிலாந்துப் பாக்கெட்டை மகளின் டிபன் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். இனி எதை அனுப்பினாலும் முதலில் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பிக்கு எழுதியிருக்கிறேன்.

நாத்தனாரிடமும் பேசினேன். அவர் ஆசையாக வாங்கி வந்தது. மனம் நோகக் கூடாதே என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் வீட்டில் அத்தைக்கும் நான் இதைத்தான் இரண்டு வேளை கொடுக்கிறேன் அண்ணி” என்றார். அந்த அத்தை கிளிமிபிரைடு மாத்திரையும் எடுப்பவர். டின்னைத் திடீரென்று நிறுத்தினால் மாத்திரை அதிகமாகிவிடுமோ என்று மருந்தாளுநர் ஐயா எழுதியது உடனே நினைவுக்கு வந்தது. டாக்டரைப் பார்க்கும் வரை எதையும் மாற்றாதீர்கள், டின்னையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போகிறார்கள்.